வோச் சொல்வதா, கொப்பி சொல்வதா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். கொக்குவிலில் மாமியோடு இருக்கிறோம். அவனுடைய நித்திரை பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் அவனுக்கு ஒரு ஸ்மார்ட் வோச் கட்டிவிட்டார். அன்றிலிருந்துதான் குழப்பம். நான் கொப்பியில் எழுதியபடி இரவு 8.30 இலிருந்து காலை 6.30 வரை படுக்கிறான், பகலில் ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் பதினொன்றரை. இரவில் ஒரு தரம், சிலவேளை இரண்டு தரம் எழும்புவான். வோச் காட்டுவதோ 7 மணித்தியாலம் 40 நிமிடம். நித்திரை தொடங்குவது 9.15க்காம், 11 தரம் முழிப்பாம், முழித்திருந்த நேரம் 95 நிமிடமாம், ஆழ்ந்த நித்திரை நூற்றுக்கு 18தானாம். மச்சாள் ஃபோனில் ஒரு கேள்விக்கொத்தையும் நிரப்பிப் பார்த்தார். அது ‘நித்திரைப் பிரச்சினை உண்டு’ என்றது. மாமி சிரிக்கிறார்: “தகப்பனைப் போல வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு படுக்கிறான், இதைவிட என்ன நித்திரை வேணும்?” நான் எதை நம்புவது? தலையில் வயர் ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்ய வேண்டுமா? ஏணையில் (சேலைத் தொட்டிலில்) ஆட்டி உறங்கவைப்பதை நிறுத்த வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கணக்கை நேராக்குவோம். உங்கள் பதினொன்றரைக்குள் பகல் நித்திரையும் இருக்கிறது. வோச்சின் 7.40இல் அது இல்லை. பகலில் குளிக்க வார்க்கும்போது கழற்றி வைத்துவிட்டு, மகன் படுத்து எழும்பிய பிறகுதான் திரும்பக் கட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே இரவை இரவோடு ஒப்பிட்டால் உங்கள் கணக்கு பத்து மணித்தியாலம், அதாவது 600 நிமிடம். வோச்சின் கணக்கு 460. வித்தியாசம் 140 நிமிடம். அதில் 45 நிமிடம் இரவின் தொடக்கத்தில், 8.30க்கும் 9.15க்கும் இடையில், போயிருக்கிறது. மிச்சம் 95 அந்தப் பதினொரு முழிப்புகளில். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காரணம் வேறு வேறு.

அந்த 45 நிமிடத்துக்கு விடை நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விக்குள்ளேயே இருக்கிறது: ஏணை. வோச்சுக்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சிறிய கருவி. பிள்ளையின் கண் மூடியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கை அசைந்தால் முழிப்பு, அசையாவிட்டால் நித்திரை, அவ்வளவுதான் அதன் அடிப்படை. ஏணைக்குள் கிடக்கும் பிள்ளை பத்தாவது நிமிடத்திலேயே உறங்கியிருந்தாலும், நீங்கள் ஆட்டும்வரை அவனுடைய கையும் ஆடுகிறது. பிறகு தூக்கிப் பாயில் கிடத்துகிறீர்கள், அதுவும் ஓர் அசைவு. அதற்குப் பிறகு வருவதைத்தான் வோச் ‘நித்திரை தொடங்கியது’ என்று எழுதுகிறது. காரில் உறங்கும் பிள்ளை, மோட்டார்சைக்கிளில் தாயின் மடியில் உறங்கும் பிள்ளை, எல்லோருக்கும் இதே கதைதான். ஆய்வுக்காக இப்படியான கருவியைக் கட்டும்போது, ஆட்டிய நேரத்தையும் வண்டியில் போன நேரத்தையும் தாய் தனியாக எழுதித் தர வேண்டும் என்று கேட்பார்கள். கொப்பி இல்லாமல் வோச்சின் பதிவைச் சரியாக வாசிக்க முடியாது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வோச்சை விற்பவர்கள் மட்டும் அதைச் சொல்வதில்லை.

இதில் உங்கள் கொப்பியும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். 8.30 என்பது ஏணையில் போட்ட நேரமா, கண் மூடிய நேரமா? பெரும்பாலான தாய்மார் போட்ட நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். காலையிலும் அப்படித்தான், பிள்ளை 6 மணிக்கே முழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தால், அவன் உங்களைத் தட்டி எழுப்பும் 6.30தான் கொப்பியில் வரும். ஆகவே உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கும், அநேகமாக உங்கள் பக்கம் கூடச் சாய்ந்து.

இனிப் பதினொரு முழிப்பு. இதில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் உங்களைப் பயப்படுத்தியது இந்த எண்தான்.

பிள்ளைகள் இரவில் முழிப்பது வழமை. நித்திரை ஒரே நீட்டாக ஓடுவதில்லை, சுற்றுச் சுற்றாக வருகிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை புரளும், முனகும், சிலவேளை எழுந்து இருந்துவிட்டுத் திரும்ப விழும். அமெரிக்காவில் தோமஸ் அண்டர்ஸ் என்ற மருத்துவர் 1970களில் குழந்தைகள் படுக்கும் இடத்தில் வீடியோ கமரா வைத்துப் பார்த்தார். பெற்றோர் ‘இரவு முழுக்க நல்ல நித்திரை’ என்று சொன்ன குழந்தைகளும் இரவில் கண் விழித்து, அழாமல், தாங்களே திரும்ப உறங்குவது தெரிந்தது. உங்கள் கொப்பி எண்ணுவது உங்களைக் கூப்பிட்ட முழிப்புகளை. கமரா எண்ணுவது கண் விழித்த எல்லாவற்றையும். வோச் எண்ணுவது அசைவுகளை. மூன்றுக்கும் ‘முழிப்பு’ என்ற ஒரே பெயரை ஒட்டிவிட்டு ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டால் ஒத்துவராதுதான்.

ஆய்வுகூடத்தில் பாவிக்கும் தரமான அசைவுக் கருவிக்கே இந்தச் சிக்கல் உண்டு. முன்பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அதையும் வீடியோவையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2008 இல் வெளியானது. அண்டர்ஸும் அதில் ஒருவர். பிள்ளை நித்திரையில் இருந்த நிமிடங்களில் நூற்றுக்கு 97ஐக் கருவி நித்திரை என்றே சரியாகச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளை முழித்திருந்த நிமிடங்களில் நூற்றுக்கு 24ஐத்தான் அது பிடித்தது.

இந்த இரண்டு எண்ணையும் ஓர் இரவில் போட்டுப் பாருங்கள். 600 நிமிடத்தில் பிள்ளை உண்மையாக 20 நிமிடம் முழித்திருந்தான் என்று வைப்போம். மிச்சம் 580 நிமிட நித்திரையில் நூற்றுக்கு மூன்று, அதாவது ஏறக்குறைய 17 நிமிடத்தைக் கருவி தவறாக ‘முழிப்பு’ என்று எழுதும். உண்மையான 20 நிமிடத்தில் 5 நிமிடத்தைத்தான் பிடிக்கும். காலையில் நீங்கள் பார்ப்பது ‘முழிப்பு 22 நிமிடம்’. உண்மையான 20க்கு மிகக் கிட்ட, என்ன துல்லியம் என்று தோன்றும். உள்ளே பார்த்தால் அந்த 22இல் 17 பொய். உண்மையாக முழித்திருந்த நேரத்தில் முக்கால்வாசி கணக்கிலேயே வரவில்லை. மொத்த நித்திரை நேரம் ஓரளவு சரியாக வரும், எப்போது, எத்தனை தரம் முழித்தான் என்பது வராது. இந்தக் கருவிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அது ஆய்வுக் கருவி. அதன் கணக்குமுறை வெளியில் கிடைக்கும், பிள்ளையின் வயதுக்கு ஏற்ப மாற்றலாம். கைக்குழந்தைகளுக்கு மணிக்கட்டில் கட்டாமல் கணுக்காலில் கட்டுவார்கள். சில நிமிடங்களாவது அசைவு தொடர்ந்தால்தான் முழிப்பு என்று எடுப்பார்கள். குறைந்தது ஐந்து இரவின் பதிவு கையில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கிழமை கட்டிவிடுவார்கள், ஓரிரண்டு இரவு எப்படியும் கெட்டுப்போகும். உங்கள் மச்சாள் கொண்டுவந்தது வளர்ந்தவர்களுக்காகச் செய்தது. வார் கடைசி ஓட்டையில் பூட்டியும் சின்னக் கையில் அது தளர்ந்து சுழலும். பக்கத்தில் படுத்திருக்கும் நீங்கள் புரண்டாலும், கை அவனில் பட்டாலும், அதுவும் அவனுடைய கணக்கில் ஏறும். ஆகவே 11 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

ஆழ்ந்த நித்திரை நூற்றுக்கு 18 என்பதை இன்னும் வேகமாக மறக்கலாம். நித்திரையின் நிலைகளை மூளை அலைகளை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். வோச் மணிக்கட்டில் இருக்கிறது. நாடித்துடிப்பையும் அசைவையும் பார்த்து அது ஊகிக்கிறது, அந்த ஊகமும் வளர்ந்தவர்களைப் பார்த்துப் பழகியது. சிறு பிள்ளைகளுக்கு ஆழ்ந்த நித்திரை நம்மைவிட அதிகம். சப்பறத் திருவிழா அன்று நல்லூரில் தோளில் படுத்து உறங்கும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மேளமும் சனமும் அவர்களை அசைப்பதில்லை.

மச்சாளின் கேள்விக்கொத்துக்கு வருவோம். கேள்விக்கொத்து கெட்டது என்றில்லை. அவி சடே என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 2004 இல் வெளியிட்ட சுருக்கமான ஒன்றை உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். கடந்த ஒரு கிழமையை மட்டும் கேட்கும். இரவில் மூன்று தரத்துக்கு மேல் முழிப்பு, இரவில் முழித்திருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், பகலும் இரவும் சேர்த்து 9 மணித்தியாலத்துக்குக் குறைவான நித்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் கவனிக்கவேண்டும் என்று அவர் எல்லை வைத்தார். உங்கள் கொப்பியின்படி மகன் இந்த எல்லை எதையும் தொடவில்லை. மச்சாள் வோச்சின் எண்களை அதில் நிரப்பியிருந்தால் இரண்டு எல்லையைத் தாண்டியிருப்பான். வோச்சின் பிழை கேள்விக்கொத்துக்குள் போய், வெளியே வரும்போது ‘பிரச்சினை’ ஆகிவிட்டது என்றுதான் சந்தேகிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ‘பிள்ளை தனியாகத் தன் கட்டிலில் உறங்குகிறதா’, ‘ஆட்டாமல் உறங்குமா’ என்று கேட்டுப் புள்ளி குறைக்கும் செயலிகள் இருக்கின்றன. கொக்குவிலில் தாயோடு பாயில் படுக்கும் பிள்ளை அங்கே முதலாம் கேள்வியிலேயே தோற்றுவிடும். இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பிரதேசங்களிலும் பெற்றோரிடம் கேட்டு 2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஆசியப் பிள்ளைகள் பிந்திப் படுக்கிறார்கள், மொத்த நித்திரை குறைவு, பெற்றோரோடு ஒரே அறையில் அல்லது ஒரே படுக்கையில் படுப்பது மிக அதிகம் என்று வந்தது. ஒன்றாகப் படுப்பது வேறு, நித்திரைக் குறைபாடு வேறு. அதைப் பிரிக்கத் தெரியாத செயலியின் தீர்ப்பை நான் எடுக்க மாட்டேன்.

தலையில் வயர் ஒட்டும் சோதனை பற்றிக் கேட்டீர்கள். மூளை அலை, கண் அசைவு, முகவாய்த் தசை, இதயம், மூக்கால் போகும் காற்று, நெஞ்சும் வயிறும் எழும்பும் விதம், இரத்தத்தில் ஒட்சிசன், எல்லாவற்றையும் ஒரு முழு இரவு பதிந்து, முப்பது முப்பது செக்கனாக வெட்டி வாசிப்பது அது. மற்ற முறைகளை எல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் தரம் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: புது அறை, உடம்பெல்லாம் வயர், முகத்தில் பிளாஸ்ரர். அந்த ஓர் இரவில் என்ன நடந்தது என்று அது மிகச் சரியாகச் சொல்லும், வீட்டில் மகன் வழமையாக எப்படிப் படுக்கிறான் என்று சொல்லாது. ‘என் பிள்ளைக்கு நித்திரை போதுமா’ என்ற கேள்விக்கு அது தேவையில்லை. ‘என் பிள்ளை நித்திரையில் சரியாக மூச்சு விடுகிறானா’ என்ற கேள்விக்குத்தான் அது.

அந்த இரண்டாவது கேள்வியை உங்கள் கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. மாமி மட்டும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

வாயைத் திறந்து குறட்டை. சளி பிடித்த நாட்களில் மட்டும் என்றால் விடுங்கள். கிழமையில் மூன்று இரவோ அதற்கு மேலோ, சளி இல்லாதபோதும் என்றால் பார்க்க வேண்டும். இந்த வயதில் மூக்கின் பின்புறம் இருக்கும் அடினொயிட் சதையும் தொண்டையில் ரொன்சிலும் பெருத்து மூச்சுவழியை அடைப்பதுதான் வழமையான காரணம். வோச்சில் இது தெரியாது, உங்கள் கொப்பியில் இதற்கு நிரல் இல்லை, செயலி கேட்டிருந்தாலும் மச்சாள் இரவு அந்த அறையில் இருந்திருக்க மாட்டார். நித்திரை எத்தனை மணித்தியாலம் என்று மூன்று விதமாக அளந்துவிட்டு, அது எப்படிப்பட்ட நித்திரை என்று பார்க்காமல் விட்டிருக்கிறோம். மாமியின் காதுதான் இந்த வீட்டில் நல்ல கருவி என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பெருமைப்படுவார், ஆனால் குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு உங்கள் ஃபோன் போதும். மேற்சட்டை இல்லாமல், நெஞ்சும் முகமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். காற்றாடியை அந்த நேரம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதன் இரைச்சலைத்தான் கேட்போம். நுளம்பு வலைக்கு வெளியிலிருந்து எடுத்தால் வெளிச்சம் வலையில் பட்டு எல்லாம் வெள்ளையாகிவிடும், ஆகவே ஃபோனை வலைக்குள் கொண்டுபோங்கள். குறட்டை பெரிதாகக் கேட்கும்போது கொஞ்சம் எடுங்கள், அதோடு விடியப்புறம் நான்கு, ஐந்து மணியளவில் கட்டாயம் எடுங்கள். கனவு காணும் நித்திரை இரவின் பின்பாதியில்தான் கூட வரும். பிள்ளைகளின் மூச்சுத்தடை அந்த நித்திரையில்தான் அதிகம். கோயில் மணி கேட்டு நீங்கள் எழும்பும் நேரம் என்றால் இன்னும் வசதி. குறட்டை நடுவில் நின்று, நெஞ்சு மட்டும் எழும்பி, பிறகு ஒரு பெருமூச்சோடு திரும்பத் தொடங்குகிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா? காற்றாடி ஓடும்போதும் தலையணை நனைய வியர்க்கிறதா? இவற்றைத்தான் வைத்தியர் பார்ப்பார். பாமசியில் விற்கும் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை இதற்கென்று வாங்க வேண்டாம். பெரியவர் விரலுக்குச் செய்தது பிள்ளை விரலில் சரியாக நிற்காது. தேவைப்பட்டால் பிள்ளைகளுக்கான கருவியால் இரவு முழுக்கப் பதிந்து பார்க்கலாம். அது சரியாக இருந்தாலும் தடை இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஆகவே அதை வைத்தியரிடம் விடுங்கள்.

கொப்பியைத் தொடருங்கள், ஆனால் கொஞ்சம் மாற்றி. ஒரு பக்கத்துக்கு 24 கட்டம் கீறி, ஒரு நாளுக்கு ஒரு வரி, ஒரு கிழமைக்கு ஏழு வரி. ஏணையில் போட்ட நேரத்துக்கு ஒரு அம்புக்குறி, கண் மூடிய நேரத்திலிருந்து நிறம் தீட்டல், உங்களைக் கூப்பிட்ட முழிப்புக்கு ஒரு புள்ளி, குறட்டை கேட்ட இரவுக்கு வரியின் முனையில் ஒரு ‘கு’. காலையிலேயே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருந்து முழுக் கிழமையையும் நினைத்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி வரும், அப்படி வரும் கொப்பியை எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். பகலில் மாமி பார்ப்பதால் அவரிடம் பென்சிலைக் கொடுத்து, படுத்ததும் ஒரு கோடு, எழும்பியதும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கரண்ட் போன இரவு, காய்ச்சல், ஊசி போட்ட நாள் இவற்றை ஓரத்தில் குறியுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்றால், உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் சொன்னது: ஒன்று, இரண்டு வயதில் பகல் நித்திரையோடு சேர்த்து 11 இலிருந்து 14, மூன்று, நான்கு வயதில் 10 இலிருந்து 13. உங்கள் மகனின் பதினொன்றரை அதற்குள் இருக்கிறது. ஏணை நேரத்தைக் கழித்து அது பதினொன்றுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலும், பகலில் உற்சாகமாக விளையாடி, சாப்பிட்டு, நிறையும் கூடிக்கொண்டு வந்தால் நான் எண்ணைத் துரத்த மாட்டேன். ஆனால் கால்களை ஓயாமல் உதறி உதறிப் படுக்கிறான், தேய்க்கச் சொல்கிறான், பால்மாவைத் தவிர வேறொன்றும் இறங்காது என்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்படி வருவதுண்டு, ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஏணையை நித்திரைக்காக நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. இரண்டேகால் வயதில் விழுவதுதான் என் பயம். அவன் அதில் எழுந்து நிற்கத் தொடங்கியிருப்பான், சேலை பழையதாக இருக்கும், கயிறும் கூரை வளையும் இந்தப் பாரத்துக்குக் கட்டியவை அல்ல. மெதுவாகப் பாயில் தட்டி உறங்கவைக்கப் பழக்குங்கள். முதல் கிழமை கொப்பியில் எண்கள் கொஞ்சம் கெடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒரு கிழமைக் கொப்பி, இரண்டு மூன்று வீடியோ, கிளினிக்கில் நிறை குறிக்கும் புத்தகம், இந்த மூன்றோடும் ஒரு குழந்தைநல வைத்தியரைப் பாருங்கள். தேவை என்றால் அவர் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் அனுப்புவார். வோச்சைக் கொண்டுபோகத் தேவையில்லை. மூச்சு நின்று நின்று வருவதையோ, உதடு நீலமாவதையோ கண்டால் கிழமை முடியும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.